அஞ்செட்டி வளைவில் பறந்த தட்டு

இந்தக் கட்டுரையைப் போன வருஷமே எழுதியிருக்க வேண்டும். ஒரு காரணம் குறுக்கே நின்றது. அந்தக் காரணம் சென்ற மாதம் சொந்தமாக ஒரு லாரி வாங்கிக்கொண்டு சேலம் பக்கம் குடியேறிவிட்டதாக எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஆகவே இனி எழுதலாம்.

போன வருஷம் சென்னையில் ஆகாயத்தை அண்ணாந்து பார்க்காத மனிதன் இல்லை. மழைக்காக அல்ல, தட்டுக்காக. அமெரிக்காவில் ராணுவமே தனி ஆட்கள் வைத்துப் பறக்கும் தட்டுகளை ஆராய்கிறதாம். அங்கே ஒருவர் பாலைவனத்தில் சுக்கிரனிலிருந்து வந்த ஆசாமியோடு நின்று பேசிக்கொண்டிருந்தாராம். எந்தப் பாஷையில் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். கேட்டிருந்தால் பிற்பாடு ஒரு எருக்குழியிலிருந்து தப்பியிருப்பேன்.

திருவல்லிக்கேணியில் ஓர் ஆகாய வாகன ஆராய்ச்சிச் சங்கம் கிளம்பிற்று. பென்ஷன் வாங்கிய பௌதிகப் பேராசிரியர் ஒருவர் தலைவர். ஜோசியர் ஒருவர் காரியதரிசி. செவ்வாயிலிருந்து தட்டு வருவது சாத்தியமா என்று தலைவர் இரண்டு மணி நேரம் பேசினார். செவ்வாய் தோஷம் உள்ளவர்கள் தட்டில் ஏறலாமா என்று காரியதரிசி மூன்று மணி நேரம் பேசினார். எங்கள் பத்திரிகைக்கு ஓர் அம்மாள், மொட்டை மாடியில் காயவைத்த வடாம் பாயோடு மறைந்துவிட்டதாகவும், அடுத்த வீட்டுக்காரியை இத்தனை நாள் சந்தேகப்பட்டது தவறு என்றும் எழுதியிருந்தாள். இவர்களையெல்லாம் வாராவாரம் ஒரு பக்கத்தில் கேலி செய்வதுதான் என் பிழைப்பு.

"ஓய், உம்மை வெளிதேசத்துக்கு அனுப்பலாமென்று இருக்கிறேன்" என்றார் எங்கள் ஆசிரியர் ஒரு நாள். எனக்கு லண்டன் பனி கண்ணில் தெரிந்தது. கம்பளிக் கோட்டு யாரிடம் இரவல் கிடைக்கும் என்று யோசிப்பதற்குள் அவர், "ஓசூர்" என்று முடித்துவிட்டு ஒரு தினசரித் துணுக்கை மேஜைமேல் போட்டார். 'அஞ்செட்டி அருகே பறக்கும் தட்டு. பட்டப்பகலில் பஸ் கண்டக்டர் நேரில் கண்டார். வண்டி பள்ளத்தில் இறங்கியது. பிரயாணிகளுக்குக் காயமில்லை.'

"வீட்டில் உட்கார்ந்தே கேலி பண்ணுகிறீரே, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுப் பண்ணும்" என்றார்.

ஓசூர் வெளிதேசம் இல்லை என்கிறவர்கள் அங்கே போனதில்லை. நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெட்டியைப் பிடுங்கிக்கொண்ட கூலியாள் தெலுங்கில் பேசினான். ஹோட்டல்காரர் கன்னடத்தில் வரவேற்றார். பிறகு இருவரும் தங்களுக்குள் தமிழில் சண்டை போட்டுக்கொண்டார்கள். குளிர் வேறு. தை மாதத்துக் காலை எட்டு மணிக்கு என் வாயிலிருந்து சிகரெட் இல்லாமலே புகை வந்தது. கம்பளிக் கோட்டு விஷயத்தில் என் உள்ளுணர்வு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

முதல் நாள் மத்தியானம் கேழ்வரகுக் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் சாப்பிட்டேன். அவரைக் கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பு அது. குழம்பு தேவாமிர்தம். களியோ, நான் மென்றேன், மென்றுகொண்டே இருந்தேன். பரிமாறுகிறவர் சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"மெல்லாதீங்க சார். கொழம்புல பொரட்டி அப்பிடியே முழுங்கணும்."

"மென்றால் என்ன?"

"மென்னா ருசி தெரிஞ்சிரும் சார்."

பறக்கும் தட்டு விஷயத்திலும் ஊரார் இதே முறையைத்தான் கையாண்டார்கள். மாலைக்குள் எனக்குப் பதினோரு சாட்சிகள் கிடைத்தார்கள். தட்டு முறத்தளவு என்றார் அரிசிக் கடைக்காரர். கத்தி தீட்டும் சக்கரம்போல் சுற்றியது என்றார் எனக்குச் சவரம் செய்தவர். அதைக் கையிலிருந்த கத்தியாலேயே சுற்றிக் காட்டினார். நான் மறுபேச்சில்லாமல் நம்பினேன். பதினொருவரில் ஏழு பேர், எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஜோலியாகப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகையில் பார்த்தவர்கள். நம் ராஜ்யத்தில் மதுவிலக்கு. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் அந்தக் கஷ்டம் கிடையாது. ஏழு பேரில் ஒருவர் இரண்டு தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டபோது ஒன்று போய்விட்டதாம்.

இரண்டாம் நாள் பஸ் முதலாளியைப் பார்க்கப் போனேன். பெயர் ரசாக் சாயபு. மூன்று பஸ்களும் ஒரு தகர ஷெட்டும் உடையவர். ஷெட்டின் சுவரில், காலண்டருக்கும் பெர்மிட்டுக்கும் நடுவே, அந்தத் தினசரித் துணுக்கு கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

"உக்காருங்க சார்" என்றார். "அச்சுல வந்தா நெசம், வரலேன்னா பொரளி. அது என் கொள்கை."

"அப்படியானால் இது ஏற்கெனவே வந்துவிட்டதே, பாய்?"

"அது தினசரி. மறுநாளே அதுல போண்டா கட்றான். வாரப் பத்திரிக ஒரு வாரம் நிக்கும். நீங்க விசாரிச்சு, தட்டு பறந்ததா இல்லியான்னு உங்க கையால எழுதிக் குடுங்க. கண்டக்டர் கத்துனான், டிரைவர் பிரேக்கப் போட்டான், வண்டி எறங்கிச்சு. வானத்துல நெசமாவே ஏதாச்சும் பறந்திருந்தா அவன் கத்துனது நாயம். இல்லேன்னா வெள்ளிக்கெழம அவன் பைய வாங்கி வெச்சுக்குவன். ஒம்போது வருசமா எங்கிட்ட இருக்கான். இருந்தாலும் சட்டம்னா சட்டம்."

நான் சிரித்துவிட்டுப் போக வந்தவன். ஒரு மனிதனின் வேலை என் பேனா முனையில் இருப்பதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. எனக்குக் கோட்டு இல்லாமலே வேர்த்தது.

கண்டக்டர் வெங்கடப்பா வந்தார். நாற்பது வயது, காக்கிச் சட்டைக்குள் ஆள் இருப்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தோல் பையைக் கைக்குழந்தையைப்போல மார்போடு அணைத்திருந்தார். வீட்டுப் பேச்சு தெலுங்கு, பிரயாணிகளிடம் தமிழ், குறுக்கே மாடு வந்தால் கன்னடம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

"தட்டு பறந்துச்சு சாமி. தளதளன்னு மின்னிக்கிட்டு" என்று பாடம் ஒப்பித்தார்.

"எவ்வளவு பெரிது?"

கைகளை முதலில் ஒன்றரை முழத்துக்கு விரித்தார். பிறகு முதலாளியை ஒரு பார்வை பார்த்து, ஆள் உயரத்துக்கு அகட்டினார்.

டிரைவர் சுடலைமுத்து திருநெல்வேலிக்காரர். இந்தப் பக்கம் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. "அண்ணாச்சி, நான் தட்டையும் பாக்கல, கிட்டையும் பாக்கல" என்றார் அவர். "இவரு பின்னால நின்னுக்கிட்டு பள்ளம் பள்ளம்னு தொண்ட கிழியக் கத்துதாரு. எங்கூர்ல பள்ளம்னா பிரேக்கப் போட்டு ஒதுங்குவோம். ஒதுங்கினேன். ரோட்டுல ஒரு பள்ளமும் இல்ல. ஒதுங்கின எடத்துலதான் இருந்துச்சு."

"தட்டைப் பார்த்துவிட்டுப் பள்ளம் என்று ஏன் கத்தினீர்?" என்று வெங்கடப்பாவைக் கேட்டேன்.

ரசாக் சாயபு அவசரமாக டீ வரவழைத்தார்.

மூன்றாம் நாள் அதே வண்டியில் அஞ்செட்டிக்குப் புறப்பட்டேன். கூரைமேல் ஒரே ஒரு கூடைதான் ஏற்றினார்கள். அதற்கு வெங்கடப்பா போட்ட முடிச்சுகளைக் கீழே நின்று எண்ணினேன். ஏழு. பிறகு கீழே இறங்கிப் பார்த்து, திருப்திப்படாமல் மறுபடி ஏறி எட்டாவது போட்டார். கூடைக்குள் இருந்தது கறிவேப்பிலை.

பஸ் முழுக்கத் தட்டுப் பேச்சுதான். மடியில் கோழியோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், "ஏங்க்கா, அந்தத் தட்டு சோத்தோட வருமா, வெறுந்தட்டா?" என்று கேட்டாள்.

"வெறுந்தட்டுதான். சோத்தோட வந்தா மெட்ராசுக்காரங்க இந்நேரம் வந்து வரிசையில நின்னிருக்க மாட்டாங்க?"

இருவரும் என் கம்பளி மப்ளரைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

தேன்கனிக்கோட்டையைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் வண்டி மேடு ஏற மறுத்தது. நாங்கள் இறங்கித் தள்ளினோம். நான் தள்ளியபோது மட்டும் அது பின்னால் வந்தது. கடைசியில் ஒரு வளைவில் ரேடியேட்டர் கொதித்து, ஆவி விட்டுக்கொண்டு நின்றுவிட்டது. "இந்த எடந்தான் அண்ணாச்சி" என்று சுடலைமுத்து ஒரு பள்ளத்தைப் பெருமூச்சோடு காட்டினார். அன்று பஸ் இறங்கிய இடம். பள்ளத்துக்கு அப்பால் சரிவு; சரிவின் அடியில் ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு அவரைப் பந்தல்.

செவ்வாய்க் கிரகத்தார் இறங்கிய சுவடு ஏதாவது தென்படுகிறதா என்று பார்த்தபடி, உண்மையில் குடிக்கத் தண்ணீர் தேடி, சரிவில் இறங்கினேன். குடிசை வாசலில் ஒரு அம்மாள் அவரைக் கொட்டை உலர்த்திக்கொண்டிருந்தாள். பெயர் மாதம்மா. உலர்த்தியது முறத்தில் அல்ல. ஒன்றரை முழ அகலத்துக்கு, பொன்னாக மின்னும் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில். விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"இது ஏதம்மா?"

"மேலருந்து வந்துச்சு சாமி."

"எதன் மேலிருந்து?"

"வானத்துலருந்து. விர்ருனு வந்து என் பந்தல ஒடச்சிருச்சு. பூவும் பிஞ்சுமா இருந்த பந்தல்."

குனிந்து பார்த்தேன். விளிம்பில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. 'அஞ்செட்டி ராஜம்மாவுக்கு மாமன் சீர்.' வேற்றுக் கிரகத்திலும் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறார்கள், அதையும் தமிழில் வெட்டுகிறார்கள், அங்கேயும் தாய்மாமன் உண்டு! திருவல்லிக்கேணிச் சங்கத்தார் கண்ணில் இது பட்டால் செவ்வாயின் ஆதி மொழி எது என்று மாநாடு கூட்டியிருப்பார்கள். அழைத்தால் நானும் போயிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்க டின்னோடு வெங்கடப்பா என் பின்னால் வந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். டின் கையிலிருந்து விழுந்தது.

"பள்ளெம்! பள்ளெம்!" என்று அலறினார்.

நான் பிரேக் போட்டேன். அதாவது, இரண்டடி பின்னால் குதித்து ஒதுங்கினேன். ஒதுங்கின இடத்தில் மாதம்மாவின் எருக்குழி இருந்தது.

"ஐயோ, எதுக்கு சாமி குதிச்ச?" என்றாள் மாதம்மா.

"பள்ளம் என்றாரே!" என்றேன், முழங்கால் ஆழத்தில் நின்றபடி.

"பள்ளெம்னா தட்டு சாமி. தெலுங்குல தட்டுக்குப் பள்ளெம்னு பேரு." அவள் ஒரு கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். "இதுகூடத் தெரியாதா? எந்த ஊரு?"

சென்னை என்று சொல்ல வெட்கமாயிருந்தது. எனக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் கச்சேரியில் கேட்ட கீர்த்தனைகளோடு சரி. அவற்றில் தட்டு வருவதில்லை.

வெங்கடப்பா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சொன்னார். அன்று பஸ்ஸில் அஞ்செட்டிப் பெண்வீட்டார், ஊத்தங்கரை மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர்வரிசையோடு போனார்கள். நல்ல நேரம் தாண்டுகிறது என்று அவசரப்படுத்தியதில், கூரைமேல் ஏற்றிய தாம்பாளங்களுக்கு ஒரே முடிச்சு. இந்த வளைவில் காற்று ஒரு தாம்பாளத்தைத் தூக்கிற்று. வெயிலில் தகதகவென்று அது போவதைப் படியில் தொங்கியபடி பார்த்தவர், வாய்க்கு வந்த வீட்டுப் பேச்சில் கத்திவிட்டார்: "பள்ளெம் எகிரிபோயிந்தி!" தட்டு பறந்துபோய்விட்டது என்று அர்த்தம். திருநெல்வேலிக் காதில் அது பள்ளமாக விழுந்தது.

"நான் பொய் சொல்லல சாமி. பேப்பர்காரரு வந்து என்னாச்சுன்னு கேட்டாரு. நான் தெலுங்குல நெசத்தச் சொன்னன். அவரு அத தமிழ்ல போட்டுட்டாரு. பறக்கும் தட்டுன்னு வந்திருச்சு. மொதலாளி அத கண்ணாடி போட்டு மாட்டிட்டாரு. அதுக்கப்புறம் நான் எந்த வாயால மாத்திச் சொல்றது?"

"பெண்வீட்டார் தேடவில்லையா?"

"அவுங்க சொல்ல மாட்டாங்க சாமி. பதினொரு தட்டு பத்தாயிருச்சுன்னா எரட்டப்படை, சம்பந்தி வூட்ல பேச்சு வந்துரும். தேன்கனிக்கோட்டையில எறங்கி ஒண்ணு வாங்கி வெச்சிக்கிட்டு, ஒண்ணும் காணாமப் போகலன்னுட்டாங்க." பையின் வாரைத் தடவினார். "கட்டு அவுந்துதுன்னு தெரிஞ்சா மொதலாளி என்ன வெக்க மாட்டாரு. போன வருசம் ஒரு வெல்ல மூட்ட விழுந்துச்சு. அன்னிக்கே அந்த கண்டக்டர அனுப்பிட்டாரு. அவரு மொதலாளிக்கு உறவு வேற. எனக்கு ரெண்டு பொண்ணுங்க பள்ளிக்கூடம் போவுது. டிக்கெட் கிழிக்கிறதத் தவிர எனக்கு என்ன தெரியும் சாமி?"

தாம்பாளத்தை என்ன செய்வது என்று கேட்டதற்கு மாதம்மா, பந்தலைக் கட்டிக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். பந்தலைக் கட்டிவிடலாம்; அவரைக் கொடியை மறுபடி பிஞ்சு விடச் சொல்லி யார் கேட்பது? தாம்பாளம் அங்கேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஹோட்டலில் உட்கார்ந்து யோசித்தேன். உண்மையை எழுதினால் வெங்கடப்பாவின் பை போய்விடும். தட்டு செவ்வாயிலிருந்து வந்தது என்று எழுதினால், ஒரு வருஷமாக நான் கேலி செய்த ஜோசியரும் வடாம் அம்மாளும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். அன்றுதான் முதல் தடவையாகக் களியை மெல்லாமல் விழுங்கினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. உடனே பேனாவை எடுத்தேன்.

'மேற்படி வளைவில், மேற்படி தினத்தில், பட்டப்பகலில் ஒரு தட்டு ஆகாயத்தில் பறந்தது என்பதை நேரில் விசாரித்து உறுதி செய்துகொண்டேன். அது வட்டமானது, மஞ்சள் நிற உலோகத்தால் ஆனது, வெயிலில் கண் கூசும்படி மின்னக்கூடியது. அது இறங்கிய இடத்தில் தாவரங்களுக்குச் சேதம் ஏற்பட்டிருக்கிறது. கண்டக்டர் பார்த்ததும் உண்மை, கத்தியதும் உண்மை.'

ஒரு வார்த்தை பொய் இல்லை. இத்தனை உண்மையாக நான் எதையுமே எழுதியதில்லை.

ரசாக் சாயபு ஜும்மா தொழுகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார். "மஞ்ச நெற உலோகம்" என்று ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஷெட்டில் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பித்தளைன்னு எழுதாம உட்டீங்களே, ரொம்ப நல்லது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சார், நான் சின்ன வயசுலருந்து இந்தச் சந்தையில ஏவாரம் பண்றவன். தெலுங்குல பள்ளெம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? டிரைவர் வந்து சொன்ன அன்னிக்கே வெளங்கிருச்சு."

"பிறகு எதற்கு, பாய், இந்த விசாரணையெல்லாம்?"

"போன வருசம் வெல்ல மூட்டய உட்டான்னு ஒரு கண்டக்டர அனுப்பினனே, அவன் யாருன்னு நெனச்சீங்க? என் மச்சான், வீட்டுக்காரம்மாவோட சொந்தத் தம்பி. கட்டு அவுந்தா வேல போச்சு, சட்டம்னா சட்டம்னு எல்லார் முன்னாலயும் சொல்லி அனுப்பினன். இப்ப இவன் கட்டும் அவுந்துச்சு, வெச்சுக்கறன்னா, எனக்கு வீட்ல சோறு கெடைக்குமா? ஆனா வெங்கடப்பன அனுப்பிட்டு நான் பஸ்சு ஓட்ட முடியுமா? அவன மாதிரி நாணயமான ஆளு இந்தத் தாலுக்காவுலயே இல்ல. என்ன பண்றதுன்னு முழிச்சிக்கிட்டிருந்தன். பேப்பர்ல பறக்கும் தட்டுன்னு போட்டான். ஆண்டவனே அனுப்பின தட்டு சார் அது!"

"உங்கள் மச்சானுக்கும் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கலாமே?"

"எப்பிடி சார்? அவன் உட்டது வெல்லம்." ரசாக் சாயபு மனப்பூர்வமாக வருத்தப்பட்டார். "வெல்லம் வானத்துலருந்து வந்துச்சுன்னா எவன் நம்புவான்?"

என் காகிதமும் கண்ணாடிச் சட்டத்துக்குள் போயிற்று. பித்தளை விஷயம் மச்சான் காதில் விழக் கூடாது என்றார்; லாரி வாங்கிக்கொண்டு சேலம் பக்கம் போன காரணம் அந்த மச்சான்தான். ஒரு வருஷமாக உலகத்தில் இத்தனை தட்டுகள் ஏன் பறக்கின்றன என்று எனக்கு அப்போது லேசாகப் புரிந்தது. ஆனால் அதைத் திருவல்லிக்கேணியில் சொன்னால் சங்கத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். (போன மாதம் என்னை அதில் உபதலைவராக்கியிருக்கிறார்கள்.)

மறுநாள் நான் ஊர் திரும்பினேன். அன்று அவர்கள் வண்டி கிருஷ்ணகிரிக்குப் போயிற்று. என் படுக்கையைக் கூரைமேல் ஏற்றி, வெங்கடப்பா ஒன்பது முடிச்சுப் போட்டார். தோளில் பை பழையபடி ஆடிக்கொண்டிருந்தது. "சாமி, நடந்த தப்பு ஒண்ணுதான்" என்றார் என்னிடம். "இனிமே வண்டியில என்ன வந்தாலும் தமிழ்லயே சொல்லிடறதுன்னு முடிவு பண்ணிட்டன்."

முன் ஸீட்டில் சுடலைமுத்துவும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். எருக்குழிக் கதையை நான்தான் அவரிடம் விளக்கிச் சொல்லியிருந்தேன். "அப்பிடின்னா அது தட்டா அண்ணாச்சி! இதத் தெரியாமப் போச்சே! இனிமே ஏமாற மாட்டேன்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

சூளகிரி தாண்டி ஒரு இறக்கத்தில் படியிலிருந்து வெங்கடப்பாவின் குரல் கேட்டது.

"பள்ளம்! பள்ளம்!"

சுடலைமுத்து பிரேக்கைத் தொடவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தலையை வெளியே நீட்டி ஆகாயத்தைப் பார்த்தார். நானும் என் பக்கத்து ஜன்னல் வழியாக எட்டி ஆகாயத்தைப் பார்த்தேன். துளி மேகமில்லாமல், நிர்மலமாக, ரொம்ப அழகாயிருந்தது.

பள்ளம் கீழே இருந்தது.